லொறித் தரிப்பிடத்தில் ஒரு கலியாணம்

வீட்டுக்கு இன்னும் முக்கால் மணித்தியால ஓட்டம்தான் இருக்கும்போது வழியில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் போல எரிச்சல் வேறு இல்லை. அந்தச் சனிக்கிழமை எனக்கு அதுதான் நடந்தது. ஹனோவரில் சரக்கு ஏற்றிக்கொண்டு எசனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பீலஃபெல்டுக்குக் கிட்ட ஒரு விபத்து. ஓட்டோபான் நெடுஞ்சாலையை முழுதாக மறித்துவிட்டார்கள். பாதை திறந்து, ஊர்ந்து ஊர்ந்து ஹம் நகரத்தை நெருங்கும்போது நான் ஓட்டக்கூடிய நேரம் முடிந்துபோனது. எவ்வளவு நேரம் ஓடினோம், எவ்வளவு நேரம் ஓய்ந்திருந்தோம் என்று லொறிக்குள் இருக்கும் கருவி பதிந்துகொண்டே இருக்கும். நேரம் முடிந்தால் ஒதுக்கி நிறுத்தத்தான் வேண்டும். அடுத்த நாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபட்டு வெகுநேரமாகும் வரை ஜெர்மனியில் லொறி ஓடக்கூடாது. சரக்கோடு நிற்கிற வண்டியைத் தனியே விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது எங்கள் கொம்பனியின் கட்டளை. ஆக, அந்த வாரமுடிவு எனக்கு ஓட்டோபான் ஓரத்து லொறித் தரிப்பிடத்தில்தான்.

மனைவிக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, கூப்பிடு தூரத்தில நிண்டுகொண்டு வர ஏலாது எண்டுறீங்கள்" என்றாள். "நாளைக்குப் பூசை முடிய நான் சாப்பாடு கொண்டு வாறன்."

தரிப்பிடம் நிரம்பி வழிந்தது. கடைசி வரிசையில் ஒரு இடைவெளி கிடைத்தது. பக்கத்து லொறியில் இருந்து ஒரு பெண் இறங்கி வந்து, கையைக் காட்டிக் காட்டி என்னைப் பின்னுக்கு எடுக்க வைத்தாள். போலந்துக்காரி. என் வயதுதான் இருக்கும். நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். நான் சரியாக நிறுத்தியதும் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் தன்னுடைய மடக்குக் கதிரைக்குத் திரும்பிப் போனாள்.

எனக்கு மற்றப் பக்கத்தில் நின்ற லொறியின் படியில் ஒரு மனிதர் இருந்தார். மெலிந்த உடம்பு, அறுபதை நெருங்கும் முகம். காலடியில் ஒரு புதுச் சூட்கேஸ். அதைச் சுற்றி விமானத்தில் ஏற்றுவதற்குக் கட்டுவதுபோலப் பிளாஸ்ரிக் சுற்றியிருந்தது. லொறிக்காரன் ஒருவனிடம் அப்படி ஒரு சூட்கேசை நான் கண்டதில்லை. எங்கள் உடுப்பெல்லாம் பைகளில் கசங்கித்தான் கிடக்கும். அவர் அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, வெயிலையே பார்த்தபடி இருந்தார்.

முதலில் போய்க் கதைத்தது நானில்லை. வரிசையின் அந்தத்தில் நின்ற ஒரு ஜெர்மன்காரர். சாக்சன் பக்கத்து மனிதர், இன்னும் ஒரு வருசத்தில் ஓய்வு பெறப்போகிறவர். கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழியைக் கட்டாயம் படித்தவர். "அப்ப அதை வெறுத்தேன். இப்ப தரிப்பிடங்களில் எனக்கு அதுதான் சோறு போடுகிறது" என்று பிறகு சொல்லிச் சிரித்தார். அவர் சூட்கேசைக் காட்டி, விடுமுறைக்கா என்று ரஷ்ய மொழியில் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் முகத்தை மூடிக்கொண்டார்.

ஜெர்மன்காரர் எங்களிடம் வந்தார். போலந்துக்காரியும் கதிரையை விட்டு எழுந்து வந்தாள்.

"உஸ்பெகிஸ்தான்காரர். நாளைக்கு அவருடைய மகளுக்குக் கலியாணம்" என்றார். "ஒரே மகள். விமானம் நேற்றுப் போய்விட்டது."

விஷயம் இதுதான். அவர் மாதக்கணக்காக முன்னரே லீவு கேட்டு வாங்கியிருந்தார். அவருடைய லொறியைப் பொறுப்பெடுக்க இன்னொரு சாரதி வெள்ளிக்கிழமை இங்கே வந்து சேர வேண்டும். அந்தச் சாரதியின் வண்டி பெல்ஜியத்தில் பழுதாகி நின்றுவிட்டது. ஒருவர் மேலும் பிழை சொல்ல ஏலாது. ஆனால் இயந்திரப் பாகங்கள் நிறைந்த லொறியை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? இரவில் படங்குத்துணியை வெட்டிச் சரக்கைத் திருடுகிறவர்கள் திரிகிற தரிப்பிடங்கள் இவை. காத்திருந்தார், காத்திருந்தார். விமானம் போய்விட்டது.

நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்து, புகலிட வழக்கு முடியாமல், ஊருக்குப் போக வழியில்லாமல் இருந்த காலத்தில் மன்னாரில் என் தங்கச்சிக்குக் கலியாணம் நடந்தது. அப்பா அதற்கு முதலே இறந்துவிட்டார். மாதா கோயில் வாசலில் இருந்து பீடம் வரைக்கும் அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியவன் நான். அந்த நேரத்தில் ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லுவதற்கு ஆளும் இருக்கவில்லை. மாதங்கள் போனபிறகு யாரோ ஒருவரின் பையில் வீடியோ கசற் வந்து சேர்ந்தது. அதில் தங்கச்சி ஒரு தடவை கமராவை நேராகப் பார்க்கிறாள். அந்த இடத்தில் நான் எப்போதும் நிறுத்திவிடுவேன்.

இதை அவர்களிடம் நான் விளக்கமாகச் சொல்லவில்லை. "அவரைத் தனியே விடக்கூடாது" என்று மட்டும் சொன்னேன்.

"விடப்போவதில்லை" என்றாள் போலந்துக்காரி. அவள் வாயில் இருந்து நான் கேட்ட முதல் வசனம் அது.

நாங்கள் மூவரும் அவர் முன்னால் போய் நின்றோம். ஜெர்மன்காரர் கேட்டார்: உங்கள் ஊரில் கலியாண நாளில் ஒரு தகப்பன் என்ன செய்வான்? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டு விரலை மடக்கினார். ஒன்று, வந்தவர்களுக்கு ஓஷ் சமைத்துக் கொடுக்க வேண்டும். ஓஷ் என்பது இறைச்சியும் கரட்டும் போட்டுப் பெரிய பாத்திரத்தில் ஆண்கள் சமைக்கிற சோறு. இரண்டு, மகள் வீட்டு வாசலைத் தாண்டும் முன்பு கையை ஏந்தி ஆசீர்வாதம் சொல்ல வேண்டும்.

"ஆசீர்வாதத்துக்குப் போன் இருக்கிறது" என்றார் ஜெர்மன்காரர். "ஓஷ்?"

சொல்லும்போதே எங்களுக்குச் சிக்கல் விளங்கிவிட்டது. கடைகள் மூடப்போகிற நேரம் வந்துவிட்டது. நாளைக்கு ஞாயிறு, ஊருக்குள் ஒரு கடையும் திறக்காது. நான் மறுபடியும் வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சரப்பா, பிறீசருக்குள்ள ஆட்டிறைச்சி எவ்வளவு கிடக்குது?"

"ஏன், என்ன நடந்தது?"

சொன்னேன். பிறகு அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தினை பேர்?"

"தெரியேல்ல. இஞ்ச லொறி நிறைய நிக்குது."

"அப்ப மாதா திருவிழாவுக்குச் சமைக்கிற கிடாரத்தைத்தான் கொண்டரவேணும். கராஜுக்குள்ளதான் கிடக்குது. பெரிய காஸ் அடுப்பும் கிடக்குது. நான் பூசைக்கு அடுத்த கிழமை போறன்."

ஞாயிறு காலை அவள் வந்து இறங்கியபோது கார் முழுக்கச் சாமான். கிடாரம், அடுப்பு, ஒரு சாக்கு பாசுமதி, வெங்காயம், இறைச்சி. அதற்கும் மேலே என்னுடைய கோட்டு. ஒரு பெரிய பையில் சிவப்புத் துணி.

"இதென்ன?" என்றேன்.

"மகள் பெரியபிள்ளையாகேக்க, சாமத்தியவீட்டுக்கு மேடைக்குப் பின்னால கட்டினது. நீங்கள்தானே அந்த நேரம் இதெல்லாம் வீண் எண்டு சொன்னனீங்கள்."

நான் கிடாரத்தை இறக்கினேன்.

கரட் மட்டும் இல்லை. ஓஷுக்கு அரிசி அளவுக்குக் கரட் வேண்டும் என்று உஸ்பெக்காரர் கையை அகட்டிக் காட்டினார். ஜெர்மன்காரர் தன் லொறியில் இருந்து ஒரு மடக்குச் சைக்கிளை இறக்கினார். இரண்டு வயல் தள்ளி, ஆளில்லாத பண்ணைக் கடை ஒன்றை முதல் நாளே பார்த்து வைத்திருந்தாராம். வேண்டியதை எடுத்துக்கொண்டு உண்டியலில் காசைப் போட்டுவிட்டு வரவேண்டிய கடை. அரை மணித்தியாலத்தில் முதுகுப்பை நிறைய, இலையும் மண்ணுமாகக் கரட் கொண்டுவந்து கொட்டினார்.

இதற்கிடையில் இன்னொருவரும் சேர்ந்திருந்தார். கெல்சன்கிர்ஷனில் பிறந்து வளர்ந்த துருக்கிக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். அடுப்பைக் கண்டு என்ன விசேசம் என்று கேட்டு வந்தவர். உஸ்பெக்காரர் வெங்காயத்தைப் பற்றி ஏதோ தன் மொழியில் முணுமுணுக்க, இவர் திரும்பிப் பார்த்தார்.

"அபி, எனக்கு இவர் சொல்வது பாதி விளங்குகிறது!" என்று என்னிடம் கத்தினார். துருக்கி மொழியில் அபி என்றால் அண்ணை. "எங்கள் பாட்டன்மார் எப்போதோ ஒன்றாக இருந்தவர்களாம், பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நான் நம்பவில்லை."

அதற்குப் பிறகு கதை இரண்டு வழியாலும் ஓடியது. ஒரு பக்கம் ஜெர்மன்காரரின் பழைய ரஷ்ய மொழி, மறுபக்கம் துருக்கி. உஸ்பெக்காரரின் குரலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிசானது.

அடுப்பை மூட்டுகிற நேரம் தரிப்பிடத்துப் பொறுப்பாளர் வந்தாள். எண்ணெய் நிலையக் கடையின் சீருடை, கையில் சாவிக்கொத்து.

"இங்கே நெருப்பா? டீசல் அடிக்கிற இடம் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று பார்த்தீர்களா?"

அவள் சொன்னது சரிதான். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. போலந்துக்காரி மட்டும் முன்னுக்குப் போய், "இவருடைய மகளுக்கு இன்றைக்குக் கலியாணம். இவர் இங்கே நிற்கிறார்" என்றாள். அவளுடைய ஜெர்மன் அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. பொறுப்பாளர் உஸ்பெக்காரரைப் பார்த்தாள். அவர் நெஞ்சில் கையை வைத்துத் தலையைக் குனிந்தார். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"லொறி கழுவுகிற இடத்துக்குப் பின்னால் ஒரு சரளைத் தரை இருக்கிறது. எண்ணெய்க்குத் தூரம். என் ஜன்னலுக்கும் தெரியாது" என்றாள். போனவள் திரும்பி வந்து ஒரு தீயணைப்புக் குடுவையை எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

போலந்துக்காரியின் லொறி வெறுமையாக இருந்தது. அவள் அதைக் கவனமாகப் பின்னுக்கு எடுத்து அந்தச் சரளைத் தரையின் ஓரத்தில் நிறுத்தி, ஒரு பக்கத்துப் படங்கை முழுதாக இழுத்துத் திறந்தாள். நீளமான மரத்தளம் மேடைபோல வெளியே தெரிந்தது. அதன் பின்பக்கத்தில் மனைவி சிவப்புத் துணியைக் கட்டினாள். சரக்குக் கட்டுகிற பட்டிகள் கயிறாக உதவின. தூரத்தில் நின்று பார்க்க, உண்மையிலேயே ஒரு மணவறைதான்.

சமையல் உஸ்பெக்காரருடையது. எங்களுக்கு வெட்டுகிற வேலை. கரட்டை நெருப்புக்குச்சி மாதிரி நீளமாக வெட்ட வேண்டும், துருவக்கூடாது. ஜெர்மன்காரர் வெட்டியதை அவர் இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தார். என் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை.

"சீரகமும் உப்பும் மட்டுமோ? ஒரு கரண்டி மிளகாய்த்தூள் போட்டால் என்ன?" என்று போத்தலோடு கிட்டப் போனாள். அவர் சிரித்தபடி கிடாரத்தின் குறுக்கே இரண்டு கையையும் விரித்து மறித்தார். அதுதான் அவர் சிரித்து நான் கண்ட முதல் தடவை.

வாசனை தரிப்பிடம் முழுக்கப் பரவியது. லொறிகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ருமேனியர்கள், லித்துவேனியர்கள், எந்த நாடென்று தெரியாத பலர். யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒருவர் பாண், ஒருவர் தக்காளி, ஒருவர் வீட்டில் செய்த சீஸ். கதிரை இல்லாதவர்கள் சரக்குப் பலகைகளில் இருந்தார்கள்.

மத்தியானம் கழிந்து உஸ்பெக்காரருக்கு ஊரில் இருந்து அழைப்பு வந்தது. அங்கே பின்னேரம். அவர் அவசர அவசரமாக என் கோட்டைப் போட்டுக்கொண்டார். கை கொஞ்சம் நீளம். மனைவி உள்பக்கமாக மடித்து ஊசி குத்திவிட்டாள். தலையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பூவேலை செய்த நாலு மூலைத் தொப்பி. சூட்கேசுக்குள் மகளுக்கு வாங்கிய சாமான்களோடு வைத்திருந்தது; அவருடைய கலியாண உடுப்பு ஊரில்தான் இருந்தது. மேடையில் சிவப்புத் துணிக்கு முன்னால் நின்றார். போனைத் துருக்கிக்காரர் பிடித்தார்.

திரையில் மகள் தெரிந்தாள். வெள்ளை உடுப்பு, பின்னால் ஒரு முற்றம் நிறைய ஆட்கள். அப்பாவைக் கண்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் இரண்டு கையையும் ஏந்தினார். ஒவ்வொரு சொல்லாக ஆசீர்வாதத்தைச் சொல்லத் தொடங்கினார். எங்களில் ஒருவருக்கும் சொற்கள் முழுதாக விளங்கவில்லை. என்றாலும் சிலர் அவரைப் போலக் கையை ஏந்தினார்கள். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். போலந்துக்காரி கைகளைக் கோத்துக்கொண்டாள்.

நடுவில் படம் உறைந்துவிட்டது. மகளின் முகம் பாதி மூடிய கண்ணோடு அப்படியே நின்றது. சத்தமும் இல்லை.

அவர் போனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஏந்திய கையை இறக்கவில்லை. துருக்கிக்காரருக்கு வேர்த்து ஊற்றியது. "இன்ரநெற் போய்விட்டது, இன்ரநெற் போய்விட்டது" என்று போனை உயர்த்திக்கொண்டு மேடையின் அந்தத்துக்கும் இந்தத்துக்கும் ஓடினார். உடனே எல்லாரும் தங்கள் தங்கள் போனை வெளியே எடுத்தார்கள். "என்னுடையதில் பிடியுங்கள்!" "இதில் பாருங்கள், இதில் நல்லாக இருக்கிறது!" ஜெர்மன், ருமேனியன், போலிஷ் என்று கடவுச்சொற்கள் நாலாபக்கமும் பறந்தன. கடைசியில் கடையின் பின்கதவு திறந்து, தன் ஜன்னலுக்குத் தெரியாது என்று சொன்ன அந்தப் பொறுப்பாளர் எட்டிப் பார்த்தாள். கடை அலுவலகத்து வைஃபையின் கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாக உரத்துச் சொன்னாள்.

படம் அசைந்தது. மகள் அதே இடத்தில் நின்றாள். ஊரில் எல்லாரும் நேரமாகிறது, கார் காத்திருக்கிறது என்று சொன்னார்களாம். அப்பா முடிக்கும் வரைக்கும் வாசலைத் தாண்ட மாட்டேன் என்று நின்றுவிட்டாளாம். அவர் விட்ட இடத்தில் இருந்து தொடங்கினார். முடித்ததும் கைகளை முகத்தில் தடவி "ஓமின்" என்றார். எனக்குள் இருந்து "ஆமென்" என்று வந்தது. மகள் வாசலைத் தாண்டிப் போவதை அந்தச் சின்னத் திரையில் நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

அதன்பிறகுதான் அவர் அழுதார். ஒளிக்கவில்லை. போலந்துக்காரி மேடையில் ஏறி, பக்கத்தில் நின்று, அவருடைய முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "சோறு அடிப்பிடிக்கப் போகுது" என்று என் மனைவி தமிழில் சொன்னதை அவருக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு எப்படியோ விளங்கிவிட்டது. கோட்டோடு இறங்கி ஓடினார்.

எல்லாருக்கும் தன் கையாலேயே பரிமாறினார். பொறுப்பாளரும் வந்து ஒரு தட்டு வாங்கி, நின்றபடியே சாப்பிட்டாள். துருக்கிக்காரர் லொறிக் கதவுகளைத் திறந்துவிட்டுப் பாட்டுப் போட்டார். போலந்துக்காரி ஆடத் தொடங்கினாள். கல்லுப்போல நின்றிருந்த ஜெர்மன்காரரையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஊரில் இரவு விருந்து தொடங்கியபோது எங்களுக்கு இன்னும் வெயில். மறுபடியும் வீடியோவில் அழைத்து, கலியாண மண்டபத்தின் பெரிய திரையில் எங்களைக் காட்டினார்கள். அங்கேயிருந்து பெரிய கைதட்டல் கேட்டது. உஸ்பெக்காரர் சிரித்துச் சிரித்துச் சொன்னதைத் துருக்கிக்காரர் மாற்றிச் சொன்னார்: "இவருடைய தம்பிக்காரன் கேட்கிறானாம், இவ்வளவு நல்லாக ஆடுகிற அந்த மனுசி யாரென்று!"

பொழுதுபடும் நேரம் கிடாரத்தைக் கழுவினோம். சரளைத் தரையில் ஒரு சோற்றுப் பருக்கைகூட விடாமல் போலந்துக்காரி கூட்டினாள். உஸ்பெக்காரர் கோட்டைக் கழற்றி, மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். மனைவி அதைத் திருப்பி அவருடைய தோளிலேயே போட்டாள்.

"ஊருக்குப் போகேக்க போடட்டும்" என்றாள்.

அவர் ஊருக்குப் போனது இலையுதிர் காலத்தில்தான். கொம்பனி இந்தத் தடவை மாற்று ஆளை முன்கூட்டியே அனுப்பியது. வீட்டில் இருந்து வீடியோவில் அழைத்தார். என் கோட்டுத்தான் போட்டிருந்தார், கை அளவாக வெட்டித் தைத்திருந்தது. முற்றத்தையும், மருமகனையும், மகளையும் காட்டினார். மகள் என் மனைவியோடு கதைக்க வேண்டும் என்றாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. ஆனாலும் நெடுநேரம் கதைத்தார்கள். அவள் கைச் சாடையால் கரட் வெட்டிக் காட்ட, மனைவி மிளகாய்த்தூள் போத்தலைக் காட்ட, ஒரே சிரிப்பு.

அந்த ஞாயிறு அன்றே துருக்கிக்காரர் போனில் ஒரு குழு தொடங்கியிருந்தார். முதலில் நாங்கள் ஐந்து பேர். இப்போது யார் யாரெல்லாமோ இருக்கிறார்கள், பாதிப் பேரின் முகம் எனக்குத் தெரியாது. ஜெர்மன்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் குழுவை விட்டுப் போகவில்லை. ரஷ்ய மொழியில் யாராவது குரல் அனுப்பினால் வீட்டுச் சோபாவில் இருந்தபடி மாற்றிச் சொல்கிறார்.

போன கிழமை நான் காசல் நகரத்துக்குக் கிட்டத் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோது போலந்துக்காரியின் செய்தி வந்திருந்தது. மக்டபேர்க் பக்கத் தரிப்பிடம் ஒன்றில் ஒரு மோல்டோவாக்காரர் இடுப்புப் பிடித்து, லொறியை விட்டு இறங்க முடியாமல் இருக்கிறார், ஜெர்மன் தெரியாது, யார் கிட்ட நிற்கிறீர்கள்? நான் வரைபடத்தைத் திறந்து தூரத்தைப் பார்த்தேன். மறுபடியும் குழுவுக்குள் வந்தபோது மூன்று பேர் பதில் போட்டிருந்தார்கள். ஒருவர் ஏற்கனவே அவருடைய கதவடியில் நிற்கிறாராம், அம்புலன்ஸ் வருகிறதாம், லொறியைத் தான் பார்த்துக்கொள்கிறாராம். அந்தப் பெயரை நான் அதற்கு முதல் கண்டதில்லை. நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.